தனி ஆள் வரிசை

குடும்பங்கள் நிற்கும் வரிசை மலைப்பாம்பு போல ரோலர் கோஸ்டரைச் சுற்றி வளைந்து கிடக்கிறது. மாலை வெயிலில் அதன் வால் கூடத் தெரியவில்லை. பக்கத்தில், மிஞ்சும் இருக்கைகளை நிரப்புவதற்கான தனி ஆள் வரிசையில் ஏழெட்டுப் பேர்தான். அதில் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள் ஒரு கணவரும் மனைவியும். யோசனை அவளுடையது. "ஜோடியா வந்துட்டு யாரோ மாதிரி தனித்தனியா ஏறணுமா?" என்று முணுமுணுக்கிறார் அவர். "மேல போய் அலறத்தானே போறீங்க, அதுக்குத் துணை வேணுமா? பேசாம நில்லுங்க." அவர்கள் வரிசையின் தலைக்கு வரும்போது, முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்த ஜோடி ஒன்று உயரத்தைப் பார்த்து மிரண்டு இறங்கிவிடுகிறது. ஆளேற்றும் சீருடைக்காரர் இரண்டு விரல்களை நீட்டுகிறார். "சார், நீங்க வாங்க. பின்னாடி நிக்கிற மேடம், நீங்களும். தெரியாத ஆள் பக்கத்துல உக்காரலாமில்ல?" அவள் கணவரை ஏற இறங்கப் பார்க்கிறாள். "உக்காரலாம். பாத்தா நல்லவராத்தான் தெரியுது." இரும்புக் கம்பி மடிமேல் இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. வண்டி கடகடவென்று மேலே ஏற ஏற, கீழே மலைப்பாம்பு மண்புழுவாகச் சிறுக்கிறது. உச்சியில் ஒரு கணம் எல்லாச் சத்தமும் அடங்குகிறது. கணவர் அந்தத் தெரியாத பெண்ணின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறார். அவள் மிச்சமிருக்கும் ஒற்றைக் கையை வானத்துக்குத் தூக்குகிறாள்.