அறுபத்து மூன்று எழுத்துகள்

மாத்தளையில் இணைய வேலைகள் செய்து தரும் நளீமின் கம்யூனிகேஷன் கடைக்கு எல்கடுவத் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் நீட்டிய தாளில் ஒன்பது பெயர்கள் ஆங்கிலத்தில், இடைவெளியில்லாமல் எழுதப்பட்டிருந்தன.

“இதையே வெப்சைட் பேரா பதிஞ்சு தாங்க நானா.”

நளீம் தட்டிப் பார்த்தான். “எழுபத்தொரு எழுத்து வருது தங்கச்சி. புள்ளிக்கு முன்னால அறுபத்து மூணுக்கு மேல விடாது. உலகம் முழுக்க அதுதான் சட்டம்.”

“எல்லாரும் தோட்டத்துல ஒரே லயம், ஒரே வீட்டு வரிசை. பிரிக்கக் கூடாது.”

“சின்னப் பேரா வச்சு, உள்ள எல்லாரையும் போடுவோமே?”

“உள்ள வந்து யாரு பாக்கப் போறாங்க? வாசல்லயே இருக்கணும்.”

இறந்தவர்களுக்கான நினைவுப் பக்கம் என்று அவன் நினைத்தான். குரலைத் தாழ்த்தினான். “எப்ப நடந்துச்சு?”

அவள் தாளை அவன் பக்கம் தள்ளினாள். வெளியே தூறல் தொடங்கியிருந்தது.

நளீம் பெயர்களை எண்ணினான். “ஜீவராஜுக்கு எட்டு எழுத்து. அவரை எடுத்தா சரியா வரும்.”

அவள் வாசலுக்குப் போய் ஆட்டோவில் காத்திருந்தவரைக் கூப்பிட்டாள்.

“ஜீவராஜ் அண்ணே, ஒங்க பேரை எடுக்கணுமாம்.”

“எடுக்காத புள்ள. நானும் அங்கதானே தூங்குறேன்.”

நளீமின் விரல்கள் நின்றன. “இவங்கல்லாம் உயிரோடயா இருக்காங்க?”

“லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சு நிக்குது நானா. தோட்ட ஆபீசுக்கு நாலு கடிதம் போட்டாச்சு. அது சரிஞ்சப்புறம் வந்து பதிய ஆள் இருக்காது.”

கூரையில் மழை வலுத்தது.

அவள் தாளில் ஒரு பெயரைத் தொட்டாள். “பிரவீனாவை எடுங்க. அதுக்கும் எட்டு எழுத்துதான்.”

“அவங்ககிட்ட கேக்க வேணாமா?”

“கேட்டாச்சு,” என்றாள். “பிரவீனா நான்தான்.”