நாலாவது ஆள்

செல்வநாயகம் கேட்ட முதல் கேள்வியிலேயே யதுர்ஷிகாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"உங்களுக்கு எப்பிடிப்பட்ட ஆள் வேணும், பிள்ளை?"

என்னவோ மாப்பிள்ளை பார்க்க வந்தவளிடம் கேட்கிற மாதிரி. அவள் வந்தது ஆராய்ச்சிக்கு. கம்பஸில் மெய்யியல், கடைசி வருசம். 'வாழ்க்கைக்கு அர்த்தம் என்ன?' என்று நாலு விதமாக நினைக்கிற நாலு பேரைப் பிடித்து எழுதவேண்டும்.

மூன்று பேர் அவளுடைய ஊரான முள்ளியவளைப் பக்கமே கிடைத்துவிட்டார்கள். கடவுள்தான் எல்லாம் என்று ஒரு மீன்பிடிகாரர். கடமைதான் என்று ஓய்வுபெற்ற தபால்காரர். இருக்கும் வரைக்கும் சந்தோசமாக இருந்துவிட்டுப் போவோம் என்று அழகுக்கலை நிலையம் நடத்துகிற ஒரு அக்கா. மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி அமைந்தார்கள்.

நாலாவது ஆள்தான் இழுத்தடித்தது. அர்த்தமே இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். சண்டை கண்ட வன்னியில் அதற்கா பஞ்சம் என்று நினைத்துத்தான் புறப்பட்டாள். ஆனால் கேட்ட எல்லாரும், எல்லாத்தையும் பறிகொடுத்தவர்கள்கூட, ஏதோ ஒரு அர்த்தத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குப் பேரப்பிள்ளை, இன்னொருத்திக்கு இரண்டு ஆடு.

ஜெயபுரத்திலிருந்து அருந்ததிச் சித்திதான் போனில் வழி காட்டினா. தங்கள் ஊரில் அப்படி ஒரு மனிசன் இருக்கு, கோயில் இல்லை, குளம் இல்லை, கலியாணவீடு செத்தவீடு எதற்கும் எட்டிப் பார்க்காது, இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று சொல்லித் திரியுது என்று சித்தி பொரிந்து தள்ளினா. யதுர்ஷிகா அடுத்த நாளே மூன்று பஸ் மாறி வந்துவிட்டாள்.

செல்வநாயகம் முற்றத்தில் தண்ணி இறைக்கிற மெசினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார். கையெல்லாம் எண்ணெய். எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டவரிடம், அர்த்தமே இல்லை என்று நினைக்கிற ஆள்தான் வேண்டும் என்று அவள் வந்த காரியத்தை எல்லாம் சொன்னாள். திங்கட்கிழமைக்குள் நாலாவது ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த வருசம்தான் பட்டம் என்பதையும் சொன்னாள்.

"ஒரு வருசமோ?" என்று கேட்டார். பிறகு, "எழுதுங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு என்ன பேச்சு! அரை மணித்தியாலம் மனிசன் நிறுத்தவில்லை. கட்டின வீடு விழுந்ததாம், திரும்பக் கட்டினாராம், அதுவும் ஒருநாள் விழுமாம். நெல் விதைக்கிறாராம், யானை வந்து தின்கிறதாம், திரும்பவும் விதைக்கிறாராம்.

"அர்த்தம் இல்லையெண்டா ஏன் ஐயா விதைக்கிறீங்கள்?"

"விதைக்காம இருக்கிறதில மட்டும் அர்த்தம் இருக்கோ?"

யதுர்ஷிகாவுக்குப் புல்லரித்தது. ஒரு மனிசன் இப்படியும் வறண்டு போவானா என்று கவலை வந்தது. ஆள் அகப்பட்டுவிட்டதே என்று சந்தோசமும் வந்தது. உண்மையைச் சொன்னால் சந்தோசம்தான் கூட.

சொன்னதைச் சுருக்கி எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைச் சொன்னவரிடமே கொடுக்கவேண்டும். அது ஆராய்ச்சி விதி. அவர் இரண்டு விரலால் பேனையைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"கை ஊத்தை, பிள்ளை. உள்ளுக்க ஆணியில தொங்கிற பையுக்க வைச்சு விடுங்கோ."

பைக்குள் ஏற்கெனவே ஒரு கட்டுக் கடுதாசி இருந்தது. எல்லாம் இதே மாதிரிப் படிவங்கள். மேலே இருந்தது பாதிரியாருக்குப் படிக்கிற ஒரு குருமட மாணவர் எழுதினது: 'ஆண்டவர் இல்லாவிட்டால் எனக்கு வாழ்க்கையே இல்லை.' அடுத்தது மரம் நடுகிற நிறுவனம் ஒன்று: 'மரம் நடுவதற்காகவே நான் உயிரோடு இருக்கிறேன்.' அதற்கடுத்தது யாரோ ஒரு மாணவி: 'குடும்பப் பொறுப்புத்தான் என்னை வாழவைக்கிறது.' எல்லாவற்றுக்கும் கீழே அதே செல்வநாயகம், அதே கையெழுத்து.

கடுதாசிக் கட்டோடு முற்றத்துக்கு வந்து, இதில் எது உண்மை என்று கேட்டாள்.

அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"எங்கட ஊருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பஸ்தான். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்டு தேவைப்பட்டுது. இவ்வளவு தூரம் வந்த பிள்ளையளை வெறுங்கையோட அனுப்பலாமோ?"

ஊர்ச் சனம் கல்மனசுக்காரன் என்று பட்டம் கட்டிவிட்ட மனிசன். யதுர்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பொய் என்று தெரிந்துகொண்டு அதைக் கம்பஸுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. கொப்பியில் இருந்த, அவர் கையெழுத்துப் போட்ட தாளை உருவி இரண்டாகக் கிழித்தாள். ஒரு வருசம் போனால் போகட்டும்.

"இப்ப எனக்கு ஒண்டும் தேவையில்லை ஐயா. சும்மா கேக்கிறன். உண்மையா உங்கட வாழ்க்கைக்கு அர்த்தம் என்ன?"

செல்வநாயகம் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. மெசினை விட்டு எழும்பி வந்து, கிழிந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரைக்கும் அசையாத முகம் வாடிப்போயிருந்தது.

"ஐயோ, அப்ப உங்கட படிப்பு என்னாகும், பிள்ளை?"

யதுர்ஷிகா கொப்பியில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, தன் கேள்விக்கு நேரே அவருடைய பதிலாக அதையே எழுதிக்கொண்டாள்.