இன்ஜினுக்கு ஏசி

"மாப்ளே, ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைங்களேன்!"

பின் சீட்டிலிருந்து மாமனார் திரும்பவும் குரல் கொடுத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கைக்குட்டையைப் பிழிந்தால் அரை டம்ளர் தேறும்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை கண்ணாடி வழியாகப் பார்த்து அசடு வழிந்தார்.

"ஏசி ஓடிட்டுத்தான் இருக்கு மாமா."

"எங்கே ஓடுது? பக்கத்து வீட்டுலயா?"

"இன்ஜினுக்கு மாமா."

மாமனார் காதைக் குடைந்துகொண்டார்.

"யாருக்கு?"

"இந்தக் காருல சூப்பர்சார்ஜர்னு ஒண்ணு இருக்கு மாமா. காத்தை அமுக்கி அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். அப்படித் தள்ளும்போது காத்து... வந்து... அந்தக் காத்து..."

மாப்பிள்ளைக்கு அதற்குமேல் பேச்சு நகரவில்லை.

"சூடாயிடும்பா," என்று முன் சீட்டிலிருந்த மகள் எடுத்துக்கொடுத்தாள். "சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு சுடும்ல, அந்த மாதிரி. சூடான காத்து உள்ள போனா இன்ஜின் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். அதான் நமக்கு வர்ற ஏசியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, காத்தை ஜில்லுனு ஆக்கி உள்ள அனுப்பறது."

மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, கையிலிருந்த வாரப் பத்திரிகையால் விசிறிக்கொண்டாள்.

மாமனாருக்கு வயிறு எரிந்தது. பெற்ற பெண்ணை இப்படி ஒப்பிக்க வைத்திருக்கிறானே பாவி!

"ஆக, இன்ஜின் குளுகுளுன்னு இருக்கணும், என் பொண்ணு அவியணும். அப்படித்தானே மாப்ளே?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு கியரை மாற்றினார். வண்டி ஒரு குதி குதித்தது. மகள் பல்லைக் கடித்தாள்.

"தப்புத்தான் மாமா."

வீடு வந்து சேர்ந்ததும் மாமனார் நேராக ஃப்ரிட்ஜுக்குப் போனார். ஐஸ் தண்ணீர் குடித்தாலாவது உயிர் திரும்புமே! மேல் கதவைத் திறந்தால், உள்ளே அடைத்து அடைத்து ஐஸ் மூட்டை. ஒரு கட்டியை உருவி எடுத்தார்.

"ஐயோ மாமா, அது ஞாயித்துக்கிழமை ரேசுக்கு!" என்று மாப்பிள்ளை ஓடி வந்தார். "டிக்கியில தண்ணித் தொட்டி இருக்கு. அதுல கொட்டணும். ஏசி மட்டும் பத்தாதாம்."

"இதுவும் காருக்கா?"

மாமனார் அந்தக் கட்டியை அப்படியே வாயில் போட்டு நறநறவென்று கடித்தார். பல் கூசிக் கண்ணில் தண்ணீர் வந்தது. துப்புவாரா? மானப் பிரச்சினை ஆயிற்றே!

வாய் மரத்துப்போனது தெளிந்ததும் மகளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ணு, அவனுக்குக் காருதான் பொண்டாட்டி. நீ சும்மா பேருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த ஏசி திரும்பி வரணும். இல்லேன்னா உன்னைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்."

மகளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அதெல்லாம் வேண்டாம்பா. அவரு பாவம்."

"இப்பவும் அவனுக்கே பரிஞ்சு பேசு! வாயில்லாப் பூச்சி, வாயில்லாப் பூச்சி..."

சனிக்கிழமை கார் ஒர்க்ஷாப்புக்குப் போனது. காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாமனாரும் பின்னாலேயே போனார்.

அங்கே காருக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"மெக்கானிக் தம்பி! இந்தக் காரோட ஏசியைப் பழையபடி மனுஷங்க உக்கார்ற பக்கம் திருப்பி விட்டுடு."

"நாளைக்கு ரேசுங்க," என்றன கால்கள். "ஓனர் சொல்லாம கை வைக்க மாட்டேன்."

"ஓனருக்குப் பொண்ணு குடுத்தவன் சொல்றேன், பத்தாதா? பூ மாதிரி வளர்த்தேன் தம்பி அவளை. விழுந்துடுவாளேன்னு சைக்கிளைக்கூடத் தொட விட்டதில்ல. இன்னிக்கு அடுப்புல வெச்ச மாதிரி வேகறா. கார் மேல இருக்கற ஆசையில கால்வாசி பொண்டாட்டி மேல இருந்திருந்தா அவன் மனுஷன்!"

மெக்கானிக் மெல்ல வெளியே நகர்ந்து வந்து எழுந்தார். கையைத் துணியில் துடைத்தபடி பெரியவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, நீங்க யாரைச் சொல்றீங்க?"

"என் மாப்பிள்ளையைத்தான்! வேற யாரை?"

"அவரு ஐஸ் மூட்டை தூக்கறவருங்க. ஓனரு உங்க பொண்ணு. ரேஸ் ஓட்டறதும் அவங்கதான். போன தடவை ரெண்டாவதா வந்தாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?"

ஓரமாகக் கிடந்த பழைய டயர் ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. மாமனார் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ... ஏசியைத் திருப்பச் சொன்னது?"

"அவங்கதான். உங்க மாப்பிள்ளை இதோ, இங்கேதான் நின்னு கெஞ்சினாரு. 'ஏசியை மட்டும் விட்டுடும்மா, அடுத்த வாரம் மாமா வர்றாரு, இந்த வெயில்ல தாங்க மாட்டாரு'ன்னு."

மாமனார் நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு என் பொண்ணு என்ன சொன்னா?"

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு, துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"'பயப்படாதீங்க, நான் என்ன செஞ்சாலும் எங்கப்பா உங்களைத்தான் திட்டுவாரு'ன்னு சொன்னாங்க."