முதல் வெட்டு

பூசணிக்காய் மேஜைமேல் முழுசாக இருந்தது. பக்கத்தில் கத்தி.

அவள் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறந்த வீட்டில் பூசணியைப் பெண்கள் முதலில் வெட்டுவதில்லை. அப்பா வந்து ஒரு வெட்டுப் போட்டுக் கொடுப்பார். அதற்கப்புறம்தான் அம்மா கத்தியைத் தொடுவாள். பெண்டாட்டியே பிளந்தால் புருஷனுக்கு ஆகாது. அம்மா இதைச் சாதாரணக் குரலில்தான் சொல்வாள், அடுப்பைத் தொட்டால் சுடும் என்பதைப் போல.

கல்யாணமாகி நாலு வருஷம். கனடாவுக்கு வந்தும் அவள் இந்தப் பழக்கத்தை விடவில்லை. பூசணி வாங்கும்போதெல்லாம் அவனைக் கூப்பிடுவாள். அவன் வாய் நிறையக் கேலி செய்வான். செய்துகொண்டே ஒரு வெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவான். ஒரு தடவைகூட மாட்டேன் என்றதில்லை.

இன்றைக்கு அவள் கூப்பிடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஏரி. கரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இலைகள் உதிர்ந்து கிடந்தன. அவன் அவற்றைக் குனிந்தும் நிமிர்ந்தும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். விசில் வேறு. அந்த விசிலைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரில் பந்தக்கால் நட்டாயிற்று. தங்கை தாரணிக்கு வியாழக்கிழமை முகூர்த்தம்.

இன்று ஞாயிறு.

"உங்க வீட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன். நீயும் போகக் கூடாது" என்று அவன் சொல்லிவிட்டான். காரணம் இல்லாமல் இல்லை. இவர்கள் கல்யாணத்தில் அவனுடைய பெரியப்பாவுக்கு முதல் பந்தியில் இலை கிடைக்கவில்லை. பெரியப்பா இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, அன்றைக்கே மறந்துபோனார். இவன் மறக்கவில்லை.

அவளுக்கு விடாத காய்ச்சல், விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று மாமனாருக்கு ஃபோன் போட்டவனும் இவன்தான். போட்ட கையோடு இந்த ஏரிக்கரை வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்குப் பிடித்தான்.

"நாம ரெண்டு பேர் மட்டும். ஜாலியா இருந்துட்டு வரலாம்."

ஜாலி!

நேற்று அம்மா கூப்பிட்டபோது அவள் இருமிக்கூடக் காட்டினாள். அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னாள். நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

காலையில் இருவரும் சேர்ந்துதான் பூசணி கேக் வேலையைத் தொடங்கினார்கள். அவன் பட்டையும் கிராம்பும் பொடித்தான். அவள் மாவு சலித்தாள். ஸ்டேட்டஸில் போடுவதற்கு அவன் ஃபோனை நீட்டியபோது, பழக்கதோஷம், அவள் சிரித்துவிட்டாள்.

"ஏய், தள்ளி நில்லு. நீ படத்துல விழுற. உங்க வீட்ல யாராவது பாத்து வைக்கப்போறாங்க."

அவள் தள்ளி நின்றாள். மாவு மட்டும் படத்தில் விழுந்தது.

அவன் வெளியே போனான். அவள் தள்ளி நின்ற இடத்திலேயே நின்றாள். அங்கிருந்துதான் பூசணி நேராகத் தெரிந்தது.

கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். கத்தியை எடுத்துப் பூசணியின் நடுவில் வைத்தாள். தோல் தடிமன். உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு அழுத்தினாள்.

மளுக்கென்று இரண்டாகப் போயிற்று.

பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. ரொம்ப நன்றாக இருந்தது.

அவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். மேஜையைப் பார்த்தான். விசில் நின்றுபோயிற்று.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

அவள் விதைகளை வழித்துப் போட்டாள். ஒரு பாதி கேக்குக்குப் போயிற்று. இன்னொரு பாதியை மேஜையிலேயே மல்லாத்தி வைத்தாள்.

கேக் வெந்து வந்தபோது வீடெல்லாம் பட்டை வாசனை. இரண்டு தட்டுகளில் துண்டு போட்டாள். அவன் தட்டைப் படம் எடுத்தான். ஸ்பூனைக் கையில் எடுத்தான். கீழே வைத்தான்.

"சூடா இருக்கு" என்றான்.

சூடு ஆறியது.

"பசியே இல்ல" என்றான்.

சாத்திரம் சம்பிரதாயம் என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவன். அவன் கண் அந்தப் பாதிப் பூசணிக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது.

அவள் தன் துண்டைச் சாப்பிட்டாள். அவன் தட்டையும் இழுத்துவைத்துச் சாப்பிட்டாள். கேக் அருமையாக வந்திருந்தது.

பிறகு தன் ஃபோனை எடுத்தாள். கேக்கும், பாதிப் பூசணியும், மாவு அப்பிய தன் கன்னமும் ஒன்றாக விழும்படி பிடித்தாள். நன்றாகச் சிரித்தாள். அம்மாவுக்கு அனுப்பினாள்.

"ஏய்!" என்று அவன் எழுந்தான். அதற்குள் போய்விட்டது.

ஊரில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். கல்யாண வீட்டுச் சந்தடியிலும் அம்மா உடனே பார்த்தாள். இரண்டு டிக்கும் நீலமாயின.

காய்ச்சலைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'பூசணிய யாருடி வெட்டுனது?'

'நாந்தாம்மா.'

அம்மா எழுதுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதினாள். மறுபடியும் நின்றது. அவள் ஃபோனைக் கீழே வைக்காமல் காத்திருந்தாள்.

'அப்பாவ திருச்சி ஏர்போர்ட்டுக்கு அனுப்புறேன். எப்ப வர்றேன்னு மட்டும் சொல்லு.'

அவள் அதை ஒரு தடவை படித்தாள். கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கார் சாவிக்காக அவன் முன்னால் கையை நீட்டினாள்.

அவன் இன்னும் பூசணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.