ஒதுங்காத நண்டுகள்

மலைச்சாமி நண்டுகளுக்கு நடுவே நடந்து போய்க்கொண்டிருந்தான். ஒன்றுகூட வளைக்குள் ஓடவில்லை.

பின்னால் வந்த ரோகிணி முதலில் அதைக் கவனிக்கவில்லை. அவள் கால் வைத்த இடத்தில் எல்லாம் சிவப்பு நண்டுகள் சிதறி ஓடின. அவளுடைய அண்ணன் ராஜபாண்டி சற்றுத் தள்ளி வந்தான். அவனைக் கண்டும் ஓடின. அவள் கணவனின் காலடியில் மட்டும் வெயில் காய்வதுபோல் கிடந்தன. அவன்தான் மிதித்துவிடாமல் விலகி விலகி நடந்தான்.

“ஏங்க, உங்களப் பாத்து மட்டும் நண்டு ஓட மாட்டேங்குது.”

மலைச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனையூரில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவன் அவன். வண்டிச் சத்தம் கேட்டாலே தெருநாய்கள் துரத்தும். அலங்காநல்லூரில் ராஜபாண்டி வளர்க்கும் ஜல்லிக்கட்டுக் காளை, மலைச்சாமி தொழுவத்துப் பக்கம் தலைகாட்டினாலே மண்ணைக் கிளறும்.

ராஜபாண்டி புதிதாக வாங்கிய காரில் மூவரும் விடியுமுன் கிளம்பியிருந்தார்கள். கடல், மணல்மேடு, பறவை எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று வண்டியூர் தாண்டும்போதே அவன் சொல்லிவிட்டான். ராமநாதபுரத்துக்கு அப்பால் காரை நிறுத்திவிட்டு, சீமைக்கருவேலங்காட்டுக்குள் நடந்து, மேடு மேடாக ஏறி இறங்கியதில் ரோகிணிக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது.

கடைசி மேட்டில் ஏறியதும் வலி மறந்துபோனது.

கீழே, ஆழமில்லாத உப்புநீரில் பூநாரைகள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளையும் ரோஸுமாக நின்றன.

ராஜபாண்டி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினான். அவனுக்கு நேராக இருந்த கூட்டம் மெல்ல நடந்து விலகியது. இன்னும் நெருங்கியதும் எழுந்து பறந்து தூரத்தில் போய் இறங்கியது.

“மாப்ள, நீ போ. உன்னையத்தான் அதுகளுக்குப் புடிக்கிது.”

மலைச்சாமி பேண்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். பறவைகள் தலையைத் தூக்கவில்லை.

அவன் கூட்டத்துக்குள் போய்விட்டான். ஒரு பூநாரை அவன் முழங்காலை உரசியபடி சேற்றில் இரை தேடியது. அவன் குனிந்து அதன் முதுகைத் தொட்டான். அது தன் பாட்டுக்கு மேய்ந்தது.

அங்கே ஒரு ஆள் நிற்பதே அதற்குத் தெரியவில்லை.

மலைச்சாமி திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ராஜபாண்டி படம் எடுத்தான். ரோகிணிக்குச் சிரிப்பு வரவில்லை. போதும் வாங்க என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

மணல்திட்டின் மறுபக்கம் கடல். தீவுப் பக்கம் கூட்டிப்போய் டால்பின் காட்டுவதாகச் சொல்லியிருந்த படகுக்காரர் இம்மானுவேல், திட்டின் மேல் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. அவர் நடந்து வந்த வழியில் ஒரு நண்டுகூட இல்லாமல் மணல் வெறிச்சென்று கிடந்தது.

படகில் ஏறப் போன மலைச்சாமியை அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“தம்பி வேணாம்மா. நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க.”

ராஜபாண்டி சண்டைக்குப் போனான். பெரியவர் அவனைத் தாண்டி வந்தார். ரோகிணியைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நண்டு ஒதுங்காத ஆள நாங்க கடலுக்கு ஏத்துறதில்ல. கோவிச்சுக்காதீங்க.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்று பயந்தாள்.

மலைச்சாமி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படகு சின்னது, பாரம் தாங்காது என்று நினைத்துக்கொண்டான். நீங்கள் போய்வாருங்கள் மச்சான், நான் இங்கேயே இருக்கிறேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ரோகிணி ஒரு காலைப் படகுக்குள் வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். அவனைச் சுற்றி நண்டுகள் கூடியிருந்தன. தனியாக விட மனம் வரவில்லை. காலை எடுத்துக்கொண்டாள்.

“நீ போய்ட்டு வாண்ணே. நான் இவரு கூட இருக்கேன்.”

படகு கிளம்பியது.

அவள் கணவனின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி சீராகத்தான் துடித்தது. அவன் பொரிகடலையைக் கொறித்தபடி, எதற்கு இப்படி இறுக்குகிறாய் என்று கேட்டான். அவள் கையை விடவில்லை.

பாதத்தில் ஏதோ ஊர்ந்தது.

ஒரு நண்டு அவள் காலின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. சற்று முன்பு, படகில் ஏறப் போனபோதுகூட அவளைக் கண்டு ஓடியவை. அவள் காலை உதறினாள். மணலை அள்ளி எறிந்தாள். அவை அசையவில்லை.

அப்படியென்றால் நானும்தான் என்று நினைத்தாள். அவன் மணிக்கட்டை இன்னும் இறுக்கினாள். பிறகு, அவளே எதிர்பாராத விதமாக, மனம் அடங்கியது. போனால் இரண்டு பேருமாகப் போவோம். திரும்பிப் போகிற வழியில் காரில்தான் ஏதோ நடக்கப் போகிறது. அண்ணனை அதில் ஏற விடக் கூடாது. ஏதாவது சொல்லி அவனை பஸ்ஸில் மதுரைக்கு அனுப்பிவிட வேண்டும். அவனாவது தப்பட்டும்.

கடல் தகடுபோல் கிடந்தது. தூரத்தில் படகு சிறு புள்ளியாகத் தெரிந்தது. ராஜபாண்டி எழுந்து நின்று கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

என்ஜின் சத்தம் நின்றது.

டால்பின் தெரிந்திருக்கும், அதைப் பார்க்கத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். பக்கத்துக் குப்பத்திலிருந்து ஆட்கள் படகு முங்குது, படகு முங்குது என்று கத்திக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடி வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.