முழங்கால் நேர்த்தி

"இங்கிலாந்து ஸ்பீட்வே பைக் ரேஸ் கிளப்காரர் என்னை எடுத்திட்டினம். விசா குடுக்கிறவங்கள்தான் விடுறாங்களில்லை, அம்மா!" மொன்ட்ரியால்-நோர் வீட்டுக்குள் நுழைந்ததும் டனிஸ்ரன் ஹெல்மெட்டைச் சோபாவில் எறிந்தான். "பெரிய சர்வதேசப் போட்டியளிலை ஓடியிருக்கோணுமாம். ஓட விட்டால்தானே ஓடலாம்!"

இமெல்டா அவன் தலையைத் தடவினாள். "விடு ராசா. பிரேக்கே இல்லாத மோட்டச்சைக்கிள்..."

"ஸ்பீட்வேயிலை ஒருத்தற்றை பைக்குக்கும் பிரேக் இல்லையம்மா! எத்தினை தரம் சொல்லுறது?"

அவள் கோட்டை மாட்டினாள்.

"இப்ப எங்கை போறியள்?"

"மலையிலை இருக்கிற சூசையப்பர் கோயிலுக்கு. உன்ரை விசா விசயமா, முழங்காலிலை படியேறுறதெண்டு நேர்த்தி வைச்சனான்."

"விசாதான் கிடைக்கேல்லையே! பேந்தென்னத்துக்குப் படியேறுறியள்?"

இமெல்டா குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினாள். நிமிராமலே சொன்னாள்:

"கேட்டதைக் குடுத்தால் ஏறத்தானே வேணும்."