மூன்றாவது ஜாடி

"எல்லம்மாக்கா! ஊருக்கெல்லாம் மதுவிலக்கு, உன் வீட்டு அடுப்பங்கரையில மட்டும் சாராயமா?"

வாசலில் ஆதிமூலம் கத்தினான். அவனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து ஆண்கள். அடி அண்ணாமலை ஊரே எட்டிப் பார்த்தது.

எல்லம்மாளின் மருமகள் கவிநிலா கதவை மறித்து நின்றாள்.

"சாராயம் இல்லண்ணா. நாவல்பழ ஒயின். காய்ச்சினது இல்ல, புளிக்க வெச்சது."

"எதுவா இருந்தா என்ன? போதை போதைதானே? கோயில் ஊரும்மா இது. நாளைக்குப் பௌர்ணமி!"

"விக்கறதுக்கு இல்லண்ணா, சாம்பிளுக்குத்தான். லைசென்ஸ் வெச்சிருக்கிற ஒயின் கம்பெனிக்காரர் நாளைக்கு ருசி பார்க்க வரார். பிடிச்சுதுன்னா, நம்ம ஊர்ப் பொம்பளைங்க கிரிவலப் பாதையில கூறு கட்டி விக்கிற பழத்தை எல்லாம் அவரே எடுத்துக்குவார். மீந்து அழுகினதைத் தினம் சாக்கடையில கொட்டறாங்களே, நீங்க பார்த்ததே இல்லையா?"

"அதெல்லாம் தெரியாது. ஜாடி உடையணும். இல்லன்னா நாங்களே உள்ள வந்து உடைப்போம்."

கவிநிலா நகரவில்லை.

கல்யாணமாகி வந்த வருஷம் அவள் கொல்லையில் வைத்த ஒட்டு நாவல், இந்த ஆனியில்தான் நன்றாகக் காய்த்தது. அந்தப் பழத்தில் மூன்று ஜாடி போட்டாள். பழக்காரப் பெண்களை உட்காரவைத்துச் சொல்லியும் கொடுத்தாள்.

"காம்பு, அடிபட்ட பழம் எதுவும் சேரக் கூடாது. ஜாடியை வெந்நீர்ல கழுவி ஈரம் போகக் காய வைக்கணும். வாயை இறுக்கி மூடினா வெடிச்சிடும், துணி கட்டினாப் போதும். மேல பூஞ்சை பூத்துதுன்னா, வழிச்சுப் போட்டுட்டு மீதியைக் குடிக்கலாம்னு நினைக்காதீங்க. மொத்தமாக் கொட்டிடணும்."

அப்போதெல்லாம் மாமியார் எல்லம்மாள் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீரை ஆய்வாள். ஜாடி போட்ட நாளிலிருந்து மருமகளோடு பேச்சில்லை.

எப்படி இருக்கும்? புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்தவள். ஊர் எல்லையில் உள்ள மதுக்கடையை மூடச் சொல்லி நடுரோட்டில் படுத்து, அடி வாங்கி, சிறைக்கும் போய் வந்தவள். கடை இன்னும் இருக்கிறது. அவளுடைய இடது முட்டிதான் போய்விட்டது. கடையை ஒட்டி பார் நடத்துகிறவன் இதே ஆதிமூலம்தான்.

எல்லம்மாள் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"நான் ரோட்டுல கிடந்தப்ப உங்கள்ல ஒருத்தன் எட்டிப் பார்க்கலை. இன்னிக்கு என்னடா, படையே திரண்டு வந்திருக்கீங்க?"

"அது அரசாங்கக் கடை, அக்கா. இது வந்து..."

"தள்ளி நின்னு பேசு ஆதிமூலம். உன் வாய் வாடையிலேயே எனக்குத் தலை சுத்துது."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

"பேச்சை மாத்தாதக்கா. ஊருக்குச் சொன்ன நியாயம் உன் வீட்டுக்கு உண்டா, இல்லையா?"

எல்லம்மாள் ஒரு நொடி அவனையே பார்த்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"தள்ளு."

"அத்தை, வேணாம் அத்தை. நாளைக்கு அவர் வராரு..."

"தள்ளுடி. என் வீட்டுக்குள்ள எவனும் காலை வைக்கக் கூடாது. நானே உடைக்கிறேன்."

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஜாடியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, வாசற்படிக் கல்லில் ஓங்கிப் போட்டாள்.

தெருவெல்லாம் ஊதா நிறம் ஓடியது. ஆண்கள் கைதட்டினார்கள்.

"அக்கான்னா அக்காதான்!" என்ற ஆதிமூலம், உள்ளே எட்டிப் பார்த்தான். "ஒண்ணுதானா?"

"ஏன், உனக்கு ஒண்ணு பார்சல் வேணுமா?"

இந்த முறை யாரும் சிரிப்பை அடக்கவில்லை. ஆதிமூலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினான். கூட்டமும் கலைந்தது.

கவிநிலா உள்ளே ஓடினாள். ஜாடிகள் இருந்த இடம் காலி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மத்த ரெண்டையும் எங்க கொட்டினீங்க? அவனுங்க ஜெயிச்சுட்டானுங்க அத்தை. உங்க கையாலேயே ஜெயிச்சுட்டானுங்க. அந்தப் பொம்பளைங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

எல்லம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து முட்டியை நீவிவிட்டாள்.

"கத்தாதே, தெருவுக்குக் கேக்கும். ரெண்டும் நெல்லு மூட்டைக்குப் பின்னால இருக்குது. துணிதான் கட்டியிருக்கேன். வாயை இறுக்கலை."

கவிநிலா விழித்தாள். "அப்போ, உடைச்சது?"

"காலையில நீ பழம் பொறுக்கப் போனப்ப தொறந்து பார்த்தேன். மூணாவது ஜாடி மேல பச்சையாப் பூத்துக் கிடந்தது. பூத்தா மொத்தமாக் கொட்டிடணும்னு நீதானேடி சொன்னே? கொட்டினேன். கொஞ்சம் சத்தமா."